நட்சத்திரம் போடுவதற்கு முன்: குமரி மாவட்டத்துச் சிறு தளங்களுக்கு ஒரு ரேட்டிங் ஒப்பீடு

"நம்ம சைட்ல ஸ்டார் ரேட்டிங் வைக்கணும், எது போட்டா நல்லது?" இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் பெரும்பாலும் மூன்று வகை. கன்னியாகுமரியில் நாலைந்து அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள். மார்த்தாண்டம் தேன், நேந்திரங்காய் சிப்ஸ், முந்திரிக்கொத்து, கிராம்பு என்று ஆன்லைனில் அனுப்புகிறவர்கள். நாகர்கோவிலில் எங்கே சாப்பிடலாம், பைக்கை எங்கே சர்வீஸுக்கு விடலாம் என்று சொல்லும் ஊர் வழிகாட்டித் தளக்காரர்கள்.

கேள்வி ஒன்றுதான், பதில் ஒன்றல்ல. தேன் கடைக்குப் பொருந்துவதை ஹோம்ஸ்டேக்காரர் போட்டால் காசும் போகும், நேரமும் போகும். எந்த ப்ளகின் (தளத்தில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணை நிரல்) நல்லது என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். மாதத்துக்கு எத்தனை பேர் ரேட்டிங் போடுவார்கள், அவர்கள் நிஜமாகவே வந்து தங்கியவர்களா, வாங்கியவர்களா? இந்த இரண்டுக்கும் பதில் இருந்தால் பாதி முடிவு எடுத்த மாதிரிதான்.

## எதை வைத்து எடை போடுவது

எண்ணிக்கை. நாலு பேர் ஐந்து ஸ்டார், ஒருவர் ஒரு ஸ்டார் கொடுத்தால் சராசரி 4.2. அதே ஒரு ஸ்டார், நாற்பது பேர் ஐந்து கொடுத்த இடத்தில் விழுந்தால் சராசரி 4.9. இரண்டு இடத்திலும் கோபப்பட்டவர் ஒருவர்தான். ஆள் குறைவாக வரும் தளத்தில் சராசரி என்பது கடைசியாக வந்தவரின் மனநிலையைத்தான் காட்டும். மாதத்துக்கு ஐந்து ரேட்டிங்கூட வராது என்றால் எண்ணைப் பெரிதாகக் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

எதற்கான ரேட்டிங். குமரியில் இது தனித் தொல்லை. விடியற்காலை எழுந்து கடற்கரைக்குப் போனவருக்கு மேகம் மூடிச் சூரியன் தெரியவில்லை என்றால், அந்த ஏமாற்றம் அறை ரேட்டிங்கில் இறங்கும். கடல் கொந்தளித்தாலும் நீர்மட்டம் தாழ்ந்தாலும் விவேகானந்தர் பாறைக்குப் படகு ஓடாது. அந்தக் கடுப்பும் ஹோம்ஸ்டே தலையில்தான் விடியும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் வேறு. "மொத்தத்தில் எப்படி?" என்று ஒரே வரிசை நட்சத்திரம் வைத்தால் வானிலையும் சேர்ந்தே மதிப்பெண் வாங்கும். சுத்தம், தண்ணீர் வசதி, சொன்ன வாடகைதான் வாங்கினார்களா என்று பிரித்துக் கேட்டால் இது ஓரளவு அடங்கும்.

யார் போடலாம். யார் வேண்டுமானாலும் போடலாம் என்றால் போட்டிக் கடைக்காரரும் போடுவார், உங்கள் சித்தப்பா மகனும் போடுவார். வாங்கியவர் மட்டும்தான் என்றால் எண்ணிக்கை குறையும், நம்பகம் கூடும்.

கூகுள் தேடலில் தெரியுமா. பலர் ரேட்டிங் வைக்க நினைப்பதே தேடல் முடிவில் தளத்தின் பெயருக்குக் கீழே மஞ்சள் நட்சத்திரம் வருமே என்ற ஆசையில்தான். 2019 செப்டம்பரில் கூகுள் இதில் ஒரு முக்கியமான மாற்றம் செய்தது. ஒரு கடையோ விடுதியோ நிறுவனமோ தன்னைப் பற்றிய ரேட்டிங்கைத் தன் தளத்திலேயே போட்டுக்கொண்டால், அந்த நட்சத்திரத்தைத் தேடல் முடிவில் காட்டுவதில்லை. வேறு நிறுவனத்தின் விட்ஜெட் (பக்கத்தில் ஒட்டும் சிறு பெட்டி) வழியாக ஒட்டினாலும் இதே கதைதான். தனித்தனிப் பொருள்களுக்கான ரேட்டிங்குக்கு இந்தத் தடை இல்லை. மற்றவர்களின் கடைகளை மதிப்பிடும் வழிகாட்டித் தளத்துக்கும் இல்லை. ஆக, தேன் பாட்டில் பக்கத்துக்கு நட்சத்திரம் கிடைக்க வாய்ப்பு உண்டு, ஹோம்ஸ்டேயின் முகப்புப் பக்கத்துக்குக் கிடையாது. "எங்கள் ப்ளகின் போட்டால் கூகுளில் ஸ்டார் வரும்" என்று விற்கிறவரிடம் முதலில் இதைக் கேளுங்கள்.

யார் கவனிப்பது, பின்னால் கையோடு வருமா. கார்த்திகை தொடங்கித் தை வரை ஐயப்ப பக்தர்கள், நடுவே கிறிஸ்துமஸ் விடுமுறை. ரிவியூ அதிகம் வருவதும் அப்போதுதான், பதில் எழுத நேரமில்லாததும் அப்போதுதான். தளத்தை வேறு இடத்துக்கு மாற்றினால் பழைய ரிவியூ கூட வருமா என்பதையும் இப்போதே கேட்டுவிட வேண்டும்.

## வழி 1: கூகுள் மேப் ரிவியூவோடு நிற்பது

சொந்தமாக எதுவும் கட்டாமல், தளத்தில் "கூகுளில் எங்கள் ரிவியூ பாருங்கள்" என்று ஒரு இணைப்பு. வரவேற்பு மேசையில் ரிவியூ எழுத ஒரு கியூஆர் அட்டை. அவ்வளவுதான்.

செலவு ஏதுமில்லை. ஊருக்குப் புதியவர் வட்டக்கோட்டையையோ திற்பரப்பையோ மேப்பில் தேடும்போது பக்கத்தில் உங்கள் இடமும் ரேட்டிங்கோடு தெரியும். நீங்கள் அழிக்க முடியாத ரிவியூ என்பது வாசிப்பவருக்கும் தெரியும், அதனால் நம்புவார். வட இந்தியாவிலிருந்து வருபவர் இந்தியில் எழுதினாலும், திருவனந்தபுரத்துக்காரர் மலையாளத்தில் எழுதினாலும் மொழிபெயர்த்துக் காட்டிவிடும்.

மறைந்திருக்கும் செலவுகளைப் பார்ப்போம். அந்த ரிவியூ உங்கள் சொத்து இல்லை. பிடிக்காததை நீக்க முடியாது. விதிமீறல் இருந்தால் புகார் செய்யலாம், முடிவு கூகுள் கையில். "ரிவியூ போட்டால் நூறு ரூபாய் தள்ளுபடி" என்று சொல்வதும், சந்தோஷமாகக் கிளம்பும் ஆட்களிடம் மட்டும் பார்த்துப் பார்த்துக் கேட்பதும் கூகுளின் விதிப்படி தவறு.

சிலர் ரிவியூவைத் தளத்துக்குள்ளேயே கொண்டுவரக் கூகுளின் ஏபிஐ (தகவலை நிரல் வழியாக எடுக்கும் வசதி) வைக்கச் சொல்கிறார்கள். அதில் ஓர் இடத்துக்கு அதிகபட்சம் ஐந்து ரிவியூதான் வரும். எழுதியவர் பெயரோடு காட்ட வேண்டும், உங்கள் டேட்டாபேஸில் சேமித்து வைக்கக் கூடாது, பில்லிங் கணக்கும் திறக்க வேண்டும். ஐந்து ரிவியூவுக்காக இவ்வளவு பாடா என்று எனக்குத் தோன்றும். இணைப்பே போதும். கூகுளில் கிடைத்த ரேட்டிங் எண்ணை எடுத்து உங்கள் தளத்தின் சொந்த ரேட்டிங்போல ஸ்கீமா குறியீட்டில் (தேடல் இயந்திரம் படிப்பதற்காகப் பக்கத்துக்குள் எழுதும் குறிப்பு) எழுதவும் கூடாது. பிற தளங்களின் ரேட்டிங்கைத் திரட்டிக் காட்டுவதைக் கூகுள் ஏற்பதில்லை.

அறை, உணவகம், ஸ்டுடியோ, ஒர்க்‌ஷாப் என்று ஆள் நேரில் வரும் தொழில் எல்லாவற்றுக்கும் முதலில் இதுதான்.

## வழி 2: சொந்தத் தளத்தில் ஐந்து நட்சத்திரம்

வேர்ட்பிரஸ் தளமென்றால் இதற்கு ப்ளகின் நிறையக் கிடைக்கும். வூகாமர்ஸ் (வேர்ட்பிரஸுக்கான கடை மென்பொருள்) வைத்துக் கடை நடத்துகிறவருக்குத் தனி ப்ளகினே வேண்டாம், பொருள் ரிவியூ அதிலேயே இருக்கிறது. வாங்கியவர் மட்டும்தான் எழுதலாம் என்று அமைப்பில் ஒரு டிக் போட்டால் போதும்.

இங்கேதான் நம் ஊர் வழக்கம் குறுக்கே நிற்கும். தேனுக்கும் சிப்ஸுக்கும் பாதி ஆர்டர் வாட்ஸ்அப்பில் வருகிறது, பணம் ஜிபேயில் வருகிறது. வூகாமர்ஸ் ஒருவரை "வாங்கியவர்" என்று அடையாளம் காண்பது அவருடைய கணக்கையோ மின்னஞ்சலையோ ஆர்டரோடு ஒப்பிட்டு. வாட்ஸ்அப் ஆர்டர் அதற்குத் தெரியவே தெரியாது. பத்து வருஷமாகத் தேன் வாங்குகிற பழைய வாடிக்கையாளர் ரிவியூ எழுதப் போனால் "வாங்கியவர் மட்டும்" என்று திருப்பி அனுப்பிவிடும்! வாட்ஸ்அப் ஆர்டரையும் மின்னஞ்சலோடு வூகாமர்ஸில் கையால் ஏற்ற வேண்டும். இல்லையென்றால் பார்சலுக்குள் ஆர்டருக்கு ஒன்றாக ஒரு குறியீட்டுச் சீட்டு வைத்து, அந்தக் குறியீடு உள்ளவர் எழுதலாம் என்று அமைக்க வேண்டும். சீட்டு முறைக்குக் கொஞ்சம் நிரல் எழுத ஆள் வேண்டும், ஆனால் மின்னஞ்சலே இல்லாத பாட்டிக்கும் அது வேலை செய்யும்.

லாகின் இல்லாத, யாரும் தட்டலாம் என்கிற சாதா ஸ்டார் ப்ளகினைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஒருவருக்கு ஒரு ஓட்டு என்பதை இவை ஐபி முகவரி (இணைய இணைப்பின் எண்) வைத்தோ குக்கி (பிரவுசர் சேமிக்கும் சிறு குறிப்பு) வைத்தோ பார்க்கும். மொபைல் இணையத்தில் பல பேர் ஒரே ஐபியைப் பகிர்வது சகஜம், ஆகவே முன்பின் தெரியாத நாலு பேரில் ஒருவர் ஓட்டுதான் விழும். குக்கியையோ யார் வேண்டுமானாலும் அழித்துவிட்டு மறுபடி தட்டலாம். நல்லவரைத் தடுத்து வில்லங்கக்காரரை விடும் ஏற்பாடு இது.

இன்னொன்று, வேகத்துக்காகப் பக்கத்தின் நகலைச் சேமித்துக் காட்டும் கேச் ப்ளகின். வேர்ட்பிரஸில் பொத்தானோடு ஒட்டியிருக்கும் பாதுகாப்புச் சாவி 24 மணி நேரத்துக்குள் காலாவதியாகும். பக்கம் அதைவிட நீண்ட நேரம் கேச்சில் கிடந்தால், வாடிக்கையாளர் ஸ்டாரைத் தட்டுவார், ஒன்றும் நடக்காது, பிழைச்செய்தியும் வராது. "ப்ளகின் போட்டும் யாருமே ரேட் பண்ணல" என்று சொல்கிற தளங்களில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. கேச் நேரத்தைப் பத்து மணி நேரத்துக்குள் வைத்தாலே பெரும்பாலும் சரியாகும்.

வரிசைப்படுத்தலுக்கு வருவோம். சராசரி கூடியது மேலே என்று விட்டால், இரண்டே பேர் ஐந்து கொடுத்த புது ஊறுகாய், எண்பது பேர் சராசரி 4.6 கொடுத்த தேனுக்கு மேலே உட்காரும். இதற்கு எளிய வைத்தியம் உண்டு. ஒவ்வொரு பொருளுக்கும் கடையின் பொதுச் சராசரியில் பத்து ஓட்டு ஏற்கெனவே விழுந்ததாகக் கணக்கில் சேர்ப்பது. பொதுச் சராசரி 4.2 என்றால் ஊறுகாய் 4.33-க்கு இறங்கும், தேன் 4.56-இல் நிற்கும். திரைப்படத் தளமான ஐஎம்டிபி தன் முதல் 250 படங்களின் பட்டியலுக்குப் பயன்படுத்துவதும் இந்த வகைக் கணக்குதான். பார்வையாளருக்குக் காட்டுவது உண்மையான சராசரியாகவே இருக்கட்டும். இது வரிசைக்கு மட்டும்.

தேன் விற்பவர்களுக்குத் தனியாக ஒன்று. இங்கே எடுக்கப்படும் தேனில் பெரும்பங்கு ரப்பர் தோட்டத்துத் தேன். அது சீக்கிரம் உறையும். உறைந்ததைப் பார்த்துச் சர்க்கரை கலந்தது என்று நினைத்து ஒரு ஸ்டார் போடுபவர்கள் இருப்பார்கள். வெறும் நட்சத்திரம் மட்டும் வாங்கினால் ஏன் ஒன்று விழுந்தது என்றே தெரியாது. எழுத இடம் இருந்தால் காரணம் தெரியும், கீழே பதில் சொல்லலாம், அந்தப் பதிலை அடுத்து வாங்குபவரும் படிப்பார். ஆகவே ஸ்டாரோடு எழுத்துப் பெட்டியும், உரிமையாளர் பதில் சொல்லும் வசதியும் இல்லாத ப்ளகினைத் தொடவே வேண்டாம்.

"ஆரம்பத்துல நாமளே ஒரு பத்து ரிவியூ எழுதிப் போட்டுடலாமா?" என்று கேட்பவர்களும் உண்டு. வேண்டாம். விற்பவர் தன்னை நுகர்வோர்போலக் காட்டிக்கொண்டு ரிவியூ எழுதக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் நேரடியாகவே சொல்கின்றன. ரிவியூக்களை எப்படிச் சேகரிப்பது, சரிபார்ப்பது, வெளியிடுவது என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐஎஸ் 19000:2022 என்ற தரநிலையையும் கொண்டுவந்தது. விருப்பத்தின் பேரில் பின்பற்றும் தரநிலையாகத்தான் அது வந்தது என்றாலும், உங்கள் தளத்தில் "ரிவியூ விதிகள்" பக்கம் எழுத நல்ல முன்மாதிரி.

## வழி 3: கட்டைவிரல்

பிடித்தது, பிடிக்கவில்லை. அல்லது "இந்தத் தகவல் உதவியதா?" என்ற கேள்விக்கு ஆம், இல்லை.

யூடியூபில் முதலில் ஐந்து ஸ்டார்தான் இருந்தது. பெரும்பாலோர் ஐந்தையே தட்டுகிறார்கள், இரண்டு, மூன்று, நான்கைச் சீண்டுவாரில்லை என்று 2009-இல் அவர்களே சொன்னார்கள், 2010-இல் கட்டைவிரலுக்கு மாறினார்கள். நெட்ஃபிளிக்ஸ் 2017-இல் மாறியது. பிடிக்கவில்லை என்ற எண்ணிக்கையை யூடியூப் 2021 நவம்பரில் பார்வையாளர் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது. கூட்டமாகச் சேர்ந்து தாக்குவதைக் குறைப்பதற்கு என்றார்கள்.

நம் அளவுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: கட்டைவிரல் தகவல் பக்கத்துக்கு நல்லது, பொருளுக்குப் போதாது. பத்மநாபபுரம் அரண்மனைக்கு என்றைக்கு விடுமுறை, மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு எந்த பஸ் என்று எழுதிய பக்கத்துக்குக் கீழே "உதவியதா?" என்று கேட்டால் பதில் நிறைய வரும், ஒரே தட்டுதானே. "இல்லை" கூடினால் அந்தப் பக்கத்தின் நேரமோ கட்டணமோ பழசாகிவிட்டது என்று பொருள். எண்ணிக்கையை வெளியே காட்ட வேண்டிய அவசியமும் இல்லை, உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

வெளியே காட்டி வரிசைப்படுத்துவதாக இருந்தால் வெறும் சதவீதம் ஏமாற்றும். இரண்டுக்கு இரண்டு ஆம் என்பது நூறு சதவீதம், நூறுக்குத் தொண்ணூறு என்பது தொண்ணூறு சதவீதம். ஓட்டு குறைவாக இருந்தால் மதிப்பெண்ணையும் குறைக்கும் வில்சன் கணக்கின் கீழ் எல்லையை வைத்துப் பார்த்தால் முதலாவது சுமார் 34, இரண்டாவது சுமார் 83. ரெடிட் தளம் கமெண்டுகளை வரிசைப்படுத்த எடுத்துக்கொண்டதும் இதைத்தான். டெவலப்பரிடம் பெயரைச் சொன்னால் போதும், சில வரி நிரல்தான்.

## வழி 4: மாதச் சந்தா ரிவியூ சேவை

ட்ரஸ்ட்பைலட் போன்ற வெளிச் சேவைகளும், ஷாப்பிஃபை (ஆன்லைன் கடை நடத்த உதவும் சேவை) கடைகளுக்கான ரிவியூ ஆப்களும் இந்த வகை. ஆர்டர் போனதும் தானாகக் கேட்டு அனுப்பும், படத்தோடு ரிவியூ வாங்கும், போலியை ஓரளவு வடிகட்டும். ஷாப்பிஃபையில் கடை வைத்து மாதம் நூற்றுக்கணக்கில் அனுப்புகிறவருக்கு இது நேரத்தை மிச்சப்படுத்தும்.

சின்னக் கடைக்கு நான் சொல்ல மாட்டேன். சந்தா பல சேவைகளில் டாலரில் வரும், விட்ஜெட் பக்கத்தின் எடையைக் கூட்டும். சந்தாவை நிறுத்தினால் ரிவியூ தளத்திலிருந்து மறையவும் கூடும். சேவையே நின்றுபோவதும் உண்டு: ஷாப்பிஃபை தன் சொந்த இலவச ரிவியூ ஆப்பை 2024-இல் மூடியது, கடைக்காரர்கள் வேறு ஆப்புக்கு மாற வேண்டியதாயிற்று. எதை எடுத்தாலும் முதல் வாரத்திலேயே சிஎஸ்வி ஏற்றுமதி (ரிவியூவை அட்டவணைக் கோப்பாக இறக்குவது) வேலை செய்கிறதா என்று ஒருமுறை செய்து பாருங்கள்.

## வழி 5: எண்ணே இல்லாமல் எழுத்து மட்டும்

வந்து தங்கியவர் சொன்ன இரண்டு வரி, அவர் சம்மதத்தோடு, ஊர்ப் பெயரும் மாதமும் சேர்த்து. கல்யாண சமையல்காரர், தோவாளைப் பூவில் மணவறை அலங்காரம் செய்பவர், டியூஷன் எடுப்பவர் போல ஆண்டுக்குச் சில பத்து வேலை மட்டும் செய்கிறவர்களுக்கு இதைவிட நல்லது இல்லை. "இருநூறு பேருக்குப் பந்தி, ஒரு மணிக்கு முதல் பந்தி எழுந்துவிட்டது" என்ற ஒரு வரி 4.8-ஐவிட அதிகம் சொல்லும். குறை: நல்லதை மட்டும் பொறுக்கிப் போட்டிருப்பீர்கள் என்று வாசிப்பவருக்குத் தெரியும். ஒரு சின்னக் குறையையும் சேர்த்துச் சொன்ன வரியை அப்படியே விட்டால் மற்றதையும் நம்புவார்கள்.

## ஒரே பார்வையில்

| | கூகுள் ரிவியூ | சொந்த ஸ்டார் | கட்டைவிரல் | சந்தா சேவை | எழுத்து மட்டும் |
|---|---|---|---|---|---|
| தொடக்கச் செலவு | இல்லை | குறைவு | குறைவு | மாதாமாதம் | இல்லை |
| மறைந்த செலவு | கட்டுப்பாடு உங்களிடம் இல்லை | போலி ஓட்டு, கேச், வாட்ஸ்அப் ஆர்டர் | காரணம் தெரியாது | நிறுத்தினால் மறையலாம் | பொறுக்கியது என்ற சந்தேகம் |
| குறைவான ஆட்களுக்கு | பரவாயில்லை | பொருந்தாது | பொருந்தாது | பொருந்தாது | பொருந்தும் |
| தேடல் முடிவில் ஸ்டார் | மேப்பில் தெரியும் | பொருளுக்கும், பிறர் கடையை மதிப்பிடும் தளத்துக்கும் வாய்ப்பு | இல்லை | பொருளுக்கு மட்டும் வாய்ப்பு | இல்லை |
| தளம் மாறினால் | கூகுளிலேயே இருக்கும் | கையோடு வரும் | கையோடு வரும் | ஏற்றுமதியைப் பொறுத்து | கையோடு வரும் |

## சரி, யாருக்கு எது

ஹோம்ஸ்டேக்கு: கூகுள் இணைப்பும், தளத்தில் எழுத்து மட்டுமான சில வரிகளும். சொந்த ஸ்டார் வேண்டாம். தேடலிலும் வராது, மழைக்காலத்தில் வந்த இரண்டு பேர் சராசரியைக் கவிழ்த்துவிடுவார்கள். அதற்குப் பதிலாக, சூரிய உதயம் வானிலையைப் பொறுத்தது, படகு கடலைப் பொறுத்தது என்று புக்கிங் பக்கத்திலேயே ஒரு வரி எழுதுங்கள். மோசமான ரேட்டிங்கில் ஒரு பங்கு அங்கேயே நின்றுவிடும்.

தேன், சிப்ஸ், கிராம்பு: வூகாமர்ஸின் சொந்த ரிவியூ, வாங்கியவர் மட்டும், பார்சலுக்குள் குறியீட்டுச் சீட்டு. பார்சல் கிடைத்து ஒரு வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு முறை கேளுங்கள், இரண்டாம் முறை கேட்காதீர்கள். ஒரு பொருளுக்குப் பத்து ரிவியூ சேரும்வரை சராசரி எண்ணை மறைத்து எழுத்தை மட்டும் காட்டலாம். போன் நம்பர் வாங்குவது ரிவியூவுக்கு மட்டும்தான் என்றால், அதில் தீபாவளி ஆஃபர் அனுப்பாமல் இருப்பது 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கத்துக்கும் ஒத்துப்போகும், வாடிக்கையாளர் பொறுமைக்கும் நல்லது.

ஊர் வழிகாட்டித் தளம்தான் கஷ்டமான கேஸ். தகவல் பக்கங்களுக்குக் கட்டைவிரல் என்பது எளிது. கடை ரேட்டிங்தான் பிரச்சினை. வடசேரியிலும் கோட்டாற்றிலும் கடைக்காரர் ஒன்று நம் கோயில் கமிட்டியில் இருப்பார், இல்லையென்றால் நம் சர்ச்சுக்கு வருவார், அதுவும் இல்லையென்றால் மச்சானின் கூட்டாளியாக இருப்பார். சொந்தப் பெயரில் இரண்டு ஸ்டார் போட யாருக்கும் மனம் வராது. பெயரில்லாமல் விட்டால் போட்டிக்காரர் புகுந்துவிடுவார். தளத்துக்குத் தெரிகிற, வெளியே தெரியாத பெயர் என்பதுதான் நடுவழி: போன் ஓடிபி மூலம் சரிபார்த்து, வெளியே "நாகர்கோவில் வாசகர்" என்று மட்டும் காட்டுவது.

அதோடு ஏர்பிஎன்பியிடமிருந்து ஒன்றைக் கடன் வாங்கலாம். 2014 முதல் அங்கே விருந்தாளியும் வீட்டுக்காரரும் இருவரும் எழுதி முடித்த பிறகோ, 14 நாள் கெடு முடிந்த பிறகோதான் ரிவியூ வெளியே வரும். முன்னதாகப் பார்த்துவிட்டுப் பழிவாங்க வழியில்லை. உங்கள் தளத்தில் அந்த வாரம் வந்த ரிவியூக்களை எல்லாம் சேர்த்து ஞாயிறன்று ஒரே நேரத்தில் வெளியிட்டால், நேற்று மத்தியானம் சாப்பிட வந்த ஆள்தான் இதை எழுதினார் என்று ஓட்டல்காரர் அவ்வளவு எளிதாகக் கண்டுபிடிக்க முடியாது. பட்டியலில் இருக்கும் கடையிடம் விளம்பரக் காசு வாங்குகிறீர்கள் என்றால், அந்தக் கடையின் ரேட்டிங்குக்குப் பக்கத்திலேயே "விளம்பரதாரர்" என்று எழுதிவிடுங்கள். அதைச் செய்யத் தயங்குகிறவர் கடைகளுக்கு ஸ்டார் வைக்காமல் முகவரி, நேரம், போன் நம்பரோடு நிற்பது நல்லது.